ஐ.நா. வாசலில் ஒரு மனு: டு பாய்ஸின் வாழ்வும் உள்நாட்டு விவகாரம் என்னும் கேடயமும்

1947 அக்டோபர் 23 அன்று, ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரிவு இயக்குநர் ஜான் ஹம்ப்ரியிடம் மனு ஒன்று அளிக்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையும் கல்வியும் நீதியும் மறுக்கப்படுவதைச் சான்றுகளோடு விளக்கி, உலகத்திடம் முறையிட்டது அம்மனு. அதைத் தொகுத்தவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். அப்போது அவருக்கு வயது 79.

அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு மூன்றாண்டுகள்கூட நிறையாத 1868 பிப்ரவரி 23இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டனில் டு பாய்ஸ் பிறந்தார். ஃபிஸ்க், ஹார்வர்ட், பெர்லின் பல்கலைக்கழகங்களில் பயின்ற அவர், 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். அவரது ஆய்வுப்பொருள் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட வரலாறு. அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 முதல் சட்டம் தடுத்திருந்தும், அதை நடைமுறைப்படுத்தும் மனம் அரசுக்கு இல்லாததால் கடத்தல் பல்லாண்டுகள் தொடர்ந்தது என்பதை அவர் நிறுவினார். ஏட்டில் இருக்கும் சட்டத்திற்கும் நாட்டில் நடக்கும் வாழ்வுக்கும் இடையிலான தூரத்தை அவர் அளந்த முதல் களம் அது.

உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்ட மக்கள் எங்கே முறையிடுவது என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை. 1900இல் லண்டனில் கூடிய அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டில், உலக நாடுகளுக்கு விடுக்கப்பட்ட வேண்டுகோளை வரைவதில் முதன்மைப் பங்காற்றினார். 1909இல் உருவான நிற மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவராகி, அதன் இதழான தி கிரைசிஸை 1910 முதல் 1934 வரை நடத்தினார். முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் பாரிசில் சமாதான மாநாடு கூடியபோது, அதே நகரில் அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டினார். இனச் சமத்துவத்தைச் சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கையில் சேர்க்க வேண்டும் என்ற ஜப்பானின் முன்மொழிவு, பெரும்பான்மை வாக்குகளைப் பெற்றும் ஒருமித்த ஒப்புதல் இல்லை என்று கூறி வீழ்த்தப்பட்டது அவ்வாண்டில்தான்.

1945இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது, தேசியச் சங்கத்தின் சார்பில் அமெரிக்கக் குழுவின் ஆலோசகர்களுள் ஒருவராக அங்கிருந்தார் டு பாய்ஸ். இனம், பால், மொழி, சமய வேறுபாடின்றி மனித உரிமைகளை மதிப்பது சபையின் நோக்கம் என்றது சாசனத்தின் உறுப்பு 1(3). ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரவரம்புக்கு உட்பட்ட விவகாரங்களில் சபை தலையிடாது என்றது உறுப்பு 2(7). ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கும் ஏற்பாடு இது.

இந்தக் கேடயத்தை முதலில் உரசிப்பார்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் ஒடுக்கப்படுவதை 1946இல் பொதுச்சபைக்குக் கொண்டுசென்றது இந்தியா. அது தன் உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டும் தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மற்றோர் அமைப்பான தேசிய நீக்ரோ காங்கிரஸ் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டிருந்த அவர், தீண்டப்படாத மக்களும் அவ்வழியில் செல்ல எண்ணுவதைக் குறிப்பிட்டிருந்தார். அம்மாத இறுதியிலேயே தோழமையோடு பதில் எழுதினார் டு பாய்ஸ்.

மறு ஆண்டு அவர் அளித்த மனுவுக்கு நேர்ந்தது என்ன? தனக்கு வரும் முறையீடுகள் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இல்லை என்று மனித உரிமை ஆணையம் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தது. ஆணையத்தின் தலைவரான எலினோர் ரூஸ்வெல்ட், தேசியச் சங்கத்தின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். சோவியத் ஒன்றியம் இதைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தும் என அஞ்சிய அவர் மனுவை ஆதரிக்கவில்லை. அதை விசாரிக்க வேண்டும் என்ற சோவியத் தரப்பின் முன்மொழிவும் தோற்றது. ஒடுக்கப்பட்டோரின் வழக்கு வல்லரசுகளின் சதுரங்கத்தில் ஒரு காயாகச் சுருங்கியது.

அடுத்த ஆண்டு சங்கம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. 1951இல், அந்நிய முகவராகப் பதிவுசெய்யவில்லை என்ற குற்றச்சாட்டில் விலங்கிடப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். வழக்கு நிற்கவில்லை, விடுவிக்கப்பட்டார். ஆயினும் 1952 முதல் 1958 வரை அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1961இல் கானா சென்றார். அந்நாட்டின் குடிமகனாக 1963 ஆகஸ்ட் 27 அன்று, தம் 95ஆம் வயதில் அக்ராவில் மறைந்தார். மறுநாள்தான் வாஷிங்டனில் மாபெரும் உரிமைப் பேரணி நடந்தது.

மனு வீணானதா? இல்லை. பள்ளிகளில் நிறப்பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில், பாகுபாடு உலக அரங்கில் நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகமே 1952இல் உச்ச நீதிமன்றத்தில் வாதிட நேர்ந்தது. அந்தச் சங்கடம் தானாக வரவில்லை. டு பாய்ஸ் போன்றோர் உருவாக்கியது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் வம்சாவளி என்ற சொல் இடம்பெற்றது இந்தியாவின் திருத்தத்தால்தான். அச்சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று உடன்படிக்கைக் குழு 2002இல் தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. இந்திய அரசோ சாதி இனம் அல்ல, ஆகவே உடன்படிக்கைக்குள் வராது என்கிறது. 2001 டர்பன் மாநாட்டிலும் சாதியைப் பேசுபொருளாக்க எதிர்த்தது. தனிமனிதர்கள் அக்குழுவிடம் நேரடியாக முறையிட வழிசெய்யும் உறுப்பு 14இன் அறிவிப்பையும் இந்தியா செய்யவில்லை. 1946இல் தென்னாப்பிரிக்கா ஏந்திய கேடயத்தைத்தான் இன்று இந்தியா ஏந்தி நிற்கிறது.

ஆயினும் அரசு காலமுறை அறிக்கை அளித்தே ஆக வேண்டும். அதற்கு மாற்றாக மக்கள் அமைப்புகள் நிழல் அறிக்கை அளிக்கலாம். சட்டம் பயிலும் நம் மாணவர்கள் அந்த அறிக்கைகளை எழுதக் கற்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை மறுக்கப்பட்ட ஒவ்வொரு வழக்கும், நிலுவையில் கிடக்கும் ஒவ்வொரு வன்கொடுமை வழக்கும் அதில் சான்றாகச் சேர வேண்டும். அண்ணல் 1946இல் கேட்டு வாங்க முனைந்த மனுவின் வேலை இன்னும் முடியவில்லை.