பாறையும் ஓடும் என்றவர்

2022 பிப்ரவரி 25ஆம் நாள் காலை. ஷா ஆலத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், சாமி படத்துக்கு முன் தொங்கிய விளக்கு மெல்ல ஆடத் தொடங்கியது. காற்று இல்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். சில நொடிகளில் எல்லாம் அடங்கிவிட்டது. சுமத்ராவில் நிலநடுக்கம் என்று பிறகு செய்தி வந்தது. அங்கே உயிர்களைப் பறித்த அதே அதிர்வு, கடல் கடந்து வந்து எங்கள் வீட்டு விளக்கை ஆட்டிவிட்டுப் போயிருந்தது.

இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் சுமத்ராவுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்த நெருக்கடிதான் அங்கு ஏற்படும் நடுக்கங்களுக்கு அடிப்படை என்று பாடத்தில் படித்திருந்தேன். ஒரு பக்கம் கடல்தளம் புதைகிறது என்றால், வேறோர் இடத்தில் புதிதாகப் பிறக்க வேண்டுமே? அந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோதுதான் ஆர்தர் ஹோம்ஸ் எனும் மாமனிதர் எனக்கு அறிமுகமானார்.

ஹோம்ஸ் 1890 ஜனவரி 14ஆம் நாள், இன்று நாம் பொங்கலிடும் அந்தத் தேதியில், வட இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை மரத்தளவாடம் செய்யும் தச்சர். உபகாரச் சம்பளத்தில் லண்டனுக்குச் சென்று இயற்பியல் படித்தவர், ஆசிரியர்கள் தடுத்தும் கேளாமல் நிலவியலுக்கு மாறினார். மருத்துவம், கணினி என்று எத்தனையோ இருக்க, கல்லைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று உறவினர்கள் என்னையும் கேட்டதுண்டு. அதனால் வாழ்க்கை வரலாற்றின் இந்தப் பக்கத்திலேயே அவர் எனக்கு நெருக்கமாகிவிட்டார்.

பாறையிலுள்ள யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறுகிறது. அந்த ஈயத்தை அளந்து ஒரு நார்வே நாட்டுப் பாறையின் வயது 37 கோடி ஆண்டுகள் என்று அவர் கணக்கிட்டபோது அவருக்கு வயது 21. ஆனால் புகழ் சோறு போடவில்லை. பணத்துக்காக 1911இல் மொசாம்பிக் சென்றார். கடுமையான மலேரியா தாக்கியது. இறந்துவிட்டார் என்று ஊருக்குத் தந்தியே போய்விட்டது. ஆனால் பிழைத்து வந்தார்.

1920இல் பர்மாவின் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் தலைமை நிலவியலாளராகச் சேர்ந்தார். நிறுவனம் நொடித்தது. அதைவிடக் கொடுமையாக, உடன் அழைத்துச் சென்ற மூன்று வயது மகன் சீதபேதியால் அங்கேயே இறந்துபோனான். மகனையும் பொருளையும் இழந்து நாடு திரும்பியவர், நியூகாசில் நகரில் கீழைநாட்டுக் கைவினைப் பொருள்களை விற்கும் சிறு கடை நடத்திப் பிழைத்தார். 1924இல்தான் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி கிடைத்தது.

அக்காலத்தில் வெகெனர் என்ற ஜெர்மானியர், கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லி ஏளனத்துக்கு ஆளாகியிருந்தார். இவ்வளவு பெரிய நிலப்பரப்பை எந்தச் சக்தி நகர்த்தும் என்பதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. 1920களின் இறுதியில் ஹோம்ஸ் அதற்கு ஒரு விடை சொன்னார். 1931இல் அது அச்சேறியது. பூமிக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருள்கள் ஓயாமல் வெப்பம் தருகின்றன. அந்த வெப்பத்தால், நாம் திடமென்று நினைக்கும் மேன்டல் எனும் ஆழ்ப்பாறை அடுக்கே மிக மெதுவாக ஓடுகிறது. பொங்கல் பானையில் நடுவே எழும் பால் ஓரங்களில் இறங்குவதுபோல, சூடான பாறை மேலெழுந்து, இருபுறமும் விலகி, குளிர்ந்து இறங்குகிறது. எழும் இடத்தில் கண்டம் பிளந்து புதிய கடல்தளம் உண்டாகிறது. இறங்கும் இடத்தில் பழைய தளம் கனத்து அமிழ்கிறது. என் கேள்விக்கான விடை ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது!

எழும் பாறை ஏன் உருகுகிறது? இன்றைய விளக்கம் நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. பிரஷர் குக்கருக்குள் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும். அழுத்தம் குறைந்ததும் ஆவியாகச் சீறும். அதுபோல ஆழத்தின் அழுத்தம் குறையக் குறைய, கூடுதல் சூடே இல்லாமல், மேலெழும் பாறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உருகுகிறது. அந்தக் குழம்பு நடுக்கடல் முகடுகளில் கசிந்து உறைந்து, ஆறேழு கிலோமீட்டர் தடிமனுள்ள கடல்தளமாகிறது. உலகைச் சுற்றி ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த முகடுகள் உள்ளன.

ஆனால் அன்று ஹோம்ஸின் கருத்தைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அவர் சண்டையிடவில்லை. 1944இல் வெளியிட்ட பாடநூலின் கடைசி அத்தியாயத்தில் அதைச் சேர்த்தார். இது இன்னும் மெய்ப்பிக்கப்படாத யோசனை என்பதையும் நேர்மையாக எழுதிவைத்தார். கண்டங்கள் நகர்வதைப் பற்றிய ஐயம் 1950களிலும் தமக்கு முழுமையாக நீங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். தன் கண்டுபிடிப்பையே சந்தேகிக்கும் அந்தத் துணிவுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

சான்று நம் இந்தியப் பெருங்கடலிலிருந்தே வந்தது. அரபிக்கடலை ஒட்டிய கார்ல்ஸ்பெர்க் முகட்டில் 1962இல் ஒரு கப்பல் கடல்தளத்தின் காந்தத்தை அளந்தது. உறையும் குழம்பு, அந்நேரத்துப் பூமிக் காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். அத்திசை காலந்தோறும் தலைகீழாக மாறுவதால், முகட்டின் இருபுறமும் வரிவரியாகப் பதிவுகள் இருக்க வேண்டும். அந்த அளவீடுகளைக் கொண்டு வைன், மேத்யூஸ் என்ற இருவரும் 1963இல் இதை விளக்கி, கடல்தளம் முகட்டில் பிறந்து விலகிச் செல்கிறது என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தனர். ஹோம்ஸ் தம் பாடநூலை விரிவாகத் திருத்தி, 1965இல் மறுபதிப்பாக வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், 75ஆம் வயதில் மறைந்தார்.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது திருக்குறளின் இடுக்கண் அழியாமை அதிகாரத்தைப் பொருள் முழுதாகப் புரியாமல் மனப்பாடம் செய்தேன். பர்மாவில் மகனைப் புதைத்துவிட்டு வந்தவர், கடை நடத்திப் பிழைத்தவர், பின்னர் பூமியையே இயக்கும் சக்தியைச் சிந்தித்தார் என்று படித்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. நண்பர்களே, தேர்வில் சறுக்கினாலும், தேர்ந்தெடுத்த துறையை ஊர் எள்ளினாலும் இந்த மனிதரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பாறையும் ஓடும், சற்றுப் பொறுமைதான் வேண்டும்.