தோற்றுப்போன ஆட்டத்தால் பேர் வாங்கிய ஃபிராங்க் மார்ஷல்

செஸ்ல கறுப்புக் காய் கிடைச்சா நம்மில் பலருக்கு முகமே வாடிடும். வெள்ளை அடிக்கும், நாம தடுக்கணும், அவ்வளவுதானே என்று நினைப்போம். எனக்குப் பிடித்த மார்ஷல் அப்படி நினைக்காதவர்.

இவர் 1877-ல் நியூயார்க்கில் பிறந்தார். சின்ன வயசில் கனடாவின் மான்ட்ரியலில் வளர்ந்தார். அப்பாதான் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். 1904-ல் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் போட்டியில் உலக சாம்பியன் லாஸ்கரும் ஆடினார். ஆனால் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 15-க்கு 13 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தது மார்ஷல்! அதே லாஸ்கரிடம் 1907-ல் பட்டத்துக்கு மோதி ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 1909-ல் கியூபாவின் இளைஞர் காபாபிளாங்காவிடமும் 8-க்கு 1 என்று தோற்றார், 14 ஆட்டம் டிரா.

1918-ல் நியூயார்க்கில் மறுபடி காபாபிளாங்கா எதிரே. அவரோ 1916-க்குப் பிறகு தோற்கவே இல்லை. மார்ஷலுக்குக் கறுப்பு. ரூய் லோபஸ் திறப்பு. இரண்டு பேரும் கோட்டை கட்டியாச்சு. எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். வெட்டிக்கோ என்கிற மாதிரி! வெள்ளை வெட்ட வெட்ட, கறுப்புக்கு ஒரு சிப்பாய் நஷ்டம். ஆனா கவனிங்க: வெள்ளை ராஜாவுக்குக் காவலாக இருந்த குதிரை போயாச்சு. ராணிப் பக்கத்து யானை, குதிரை, மந்திரி மூன்றும் இன்னும் கிளம்பவே இல்லை. கறுப்புக் காய்கள் எல்லாம் ராஜா மேல பாயத் தயார்.

இதை ஒன்பது வருஷம் ரகசியமா வைத்திருந்தார் என்று கதை சொல்வார்கள். நான் அதை முழுசா நம்பவில்லை. 1917-லேயே இப்படி ஆடியிருக்கிறார்.

காபாபிளாங்கா பயப்படவில்லை. பலகையிலேயே யோசித்து யோசித்துத் தடுத்து, 36-வது நகர்த்தலில் ஜெயித்துவிட்டார்.

மார்ஷல் அந்தச் சிப்பாயைக் கைவிடவில்லை. குதிரையைப் பின்னால் இழுத்ததற்குப் பதில் இன்னொரு சிப்பாயால் அதைத் தாங்கும் வழியைப் பிறகு அவரே கண்டுபிடித்தார். 1965-ல் ஸ்பாஸ்கி இந்தத் தாக்குதலைத் தால் என்ற பெரிய ஆட்டக்காரரிடமே ஆடிக் காட்டினார்.

மார்ஷல் 1909 முதல் 1936 வரை அமெரிக்க சாம்பியன். ஒலிம்பியாடில் நான்கு முறை தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். 1944-ல் இறந்தார். இன்றைக்கும் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வெள்ளையில் ஆடும்போது, அந்த எட்டாவது நகர்த்தலுக்கு இடமே கொடுக்காமல் முன்கூட்டியே வேறு பாதையில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாதைகளுக்குப் பேரே 'ஆன்டி மார்ஷல்'தான்!