பத்தொன்பது பேருக்குத் தலைவர், நானூறு பேரில் ஒருவர்



மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, விடுதிச் சாம்பாரைப் பற்றியும் பஸ் பாஸ் பற்றியும் எழுதத்தான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்கள். அதனால் நம் பகுதியை நாடாளுமன்றத்திலே இரண்டு முறை பிரதிநிதித்துவம் செய்த ஒரு பெரியவரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர்தான் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார்.

நான் சீயமங்கலத்துக்காரன். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறதே, அந்த ஊர்தான். தேசூர், செஞ்சி வழியாகத் திண்டிவனம் வந்து 1982 முதல் 1985 வரை நம் கல்லூரியில் படித்தேன். அந்தக் காலத்தில் செஞ்சி தென்னாற்காடு, எங்க ஊர் வடாற்காடு. இந்த இரண்டு ஜில்லா எல்லையை நான் சும்மா சொல்லவில்லை. கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

முதல் தேர்தலும் பத்தொன்பது பேரும்

படையாட்சியார் பிறந்தது 1918 செப்டம்பர் 16-ல், கடலூரில். அவர் அரசியலுக்கு வந்த காலத்தில், வட மாவட்டங்களில் வன்னியர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் படிப்பிலும் உத்தியோகத்திலும் பதவியிலும் அவர்களுக்கு இடம் மிகக் குறைவு. காங்கிரஸ் கட்சி தங்களுக்கு உரிய இடம் தரவில்லை என்ற மனக்குறை ஊருக்கு ஊர் இருந்தது. 1949-ல் தென்னாற்காடு ஜில்லா போர்டு தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நின்று 52 இடங்களில் 22 இடங்களைப் பிடித்தார்கள். அந்தத் தெம்பில், 1951-ல் படையாட்சியார் தலைமையில் பிறந்ததுதான் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி.

தென்னாற்காட்டிலே உழைப்பாளர் கட்சி என்றால், வடாற்காடு, செங்கற்பட்டுப் பக்கம் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. ஒரே மக்கள், ஒரே கோரிக்கை, இரண்டு கட்சி. எங்க ஊர் மாதிரி எல்லை ஓரத்து ஊர்களிலே, சம்பந்தி வீட்டில் ஒரு கட்சி, நம்ம வீட்டில் ஒரு கட்சி என்று இருந்ததாம். எங்க தாத்தா சொல்லுவார்.

1952 தேர்தலில் ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின் மேலே சின்னம். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றதைச் சாகும் வரை மறக்கவில்லை.

முடிவு வந்தபோது மாநிலமே திரும்பிப் பார்த்தது. சென்னை சட்டசபையில் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள், காமன்வீலுக்கு 6. படையாட்சியார் கடலூரில் வென்றார். டெல்லி மக்களவைக்கும் உழைப்பாளர் கட்சி 4 பேரை அனுப்பியது. அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த நம் திண்டிவனத்தின் இரண்டு இடங்களும் அந்த நான்கில் அடக்கம்.

எடை கூடிய ஓட்டு

375 பேர் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 தான். பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் 166 பேர் என்று கணக்குக் காட்டின. இந்த இழுபறியில்தான் ராஜாஜியைக் கொண்டுவந்து முதலமைச்சராக்கினார்கள். அப்படிப்பட்ட சபையிலே 19 பேர் என்றால் அது சாதாரண எண்ணிக்கையா? யார் ஆட்சி செய்வது என்பதையே மாற்றக்கூடிய எண்ணிக்கை. முப்பத்துமூன்று வயது படையாட்சியாரின் வாசலில் பெரிய பெரிய தலைவர்களின் கவனம் விழுந்தது இந்தக் கணக்கினால்தான்.

காமன்வீலின் மாணிக்கவேலர் உடனேயே ராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தார். 1952 ஜூலை 3-ல் நம்பிக்கைத் தீர்மானம் 200-க்கு 151 என்று நிறைவேறியது. ஆனாலும் அந்த ஆட்சி நிம்மதியாக இல்லை. 1953-ல் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, சபையில் முடிவுகள் ஓரிரு ஓட்டில் தொங்கின.

ராஜாஜி விலகி, 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் பதவியேற்றார். எட்டே பேர் கொண்ட மந்திரிசபை. அதில் மாணிக்கவேலரும் உண்டு, படையாட்சியாரும் உண்டு. படையாட்சியாருக்கு ஸ்தல ஸ்தாபன இலாகா. பஞ்சாயத்து, நகரசபை எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்த மாதமே அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.

போனவரும் நின்றவரும்

இங்கேதான் நம் கல்லூரியின் பெயர்ப் பலகை ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் பலகையில் யார் பெயர் இருக்கிறது? ஏ. கோவிந்தசாமி. 1952-ல் இதே உழைப்பாளர் கட்சியின் சட்டசபை உறுப்பினராக இருந்தவர்தான் அவர். தலைவர் காங்கிரசுக்குப் போனபோது இவர் கூடப் போகவில்லை. 1952-ல் தி.மு.க. தேர்தலில் நிற்காமல், திராவிட நாடு கோரிக்கைக்கு உறுதிமொழி கொடுத்தவர்களை ஆதரித்தது. உழைப்பாளர் கட்சிக்கும் காமன்வீலுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது. அந்தப் பக்கமே நின்றுவிட்டார் கோவிந்தசாமி. உதயசூரியன் சின்னம் தி.மு.க.வுக்கு அவர் வழியாகத்தான் வந்தது என்பது நம் பகுதியில் எல்லோரும் சொல்லும் செய்தி. 1967-ல் அண்ணா அமைச்சரவையில் விவசாய அமைச்சரானார். 1969-ல் மறைந்தார்.

போனவர் துரோகி, நின்றவர் தியாகி என்று விடுதி மெஸ்ஸில் நாங்கள் சண்டை போட்டதுண்டு. தட்டில் கை காய்ந்துபோகும், வாதம் முடியாது. மறுபக்கத்துக்காரர்கள் விடமாட்டார்கள். மந்திரிசபையில் இடமே இல்லாத ஒரு கூட்டத்துக்கு இரண்டு மந்திரி கிடைத்தது சும்மாவா, வெளியிலேயே நின்று கோஷம் போட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்பார்கள். அன்றைக்கு நான் முதல் கட்சி. இன்றைக்கு எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் ஓரளவு நியாயம் இருப்பது இப்போது தெரிகிறது. 19 ஓட்டுக்கு என்ன விலை கேட்கலாமோ அதைப் படையாட்சியார் கேட்டார், வாங்கினார். ஆனால் கட்சியையே கொடுத்து வாங்கினார். அதற்குப் பிறகு பேரம் பேச அவர் கையில் 19 பேர் இல்லை.

டெல்லியில் பத்து ஆண்டுகள்

கால் நூற்றாண்டு ஓடியது. காங்கிரஸ் 1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது, 1969-ல் இரண்டாகப் பிளந்தது. 1980 ஜனவரித் தேர்தலில், அறுபதைத் தாண்டிய படையாட்சியார் இந்திரா காங்கிரஸ் வேட்பாளராகத் திண்டிவனத்தில் நின்றார். அந்த முறை காங்கிரசுக்குக் கூட்டணி தி.மு.க. கை சின்னத்துக்கு உதயசூரியன் தொண்டர்கள் ஓட்டுக் கேட்டார்கள். பழைய சகாக்களின் இரண்டு பாதை 26 வருஷம் கழித்து ஒரே மேடையில் சந்தித்தது. கோவிந்தசாமிதான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 அந்தக் கூட்டணிக்கு. படையாட்சியார் எம்.பி. ஆனார். 1984 டிசம்பரில் கூட்டணி மாறி அ.தி.மு.க.வோடு. இந்திரா காந்தி கொலையுண்ட சோகம், எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அனுதாபம், இரண்டும் சேர்ந்து அடித்த அலையில் மறுபடியும் வென்றார்.

அந்த 1984 தேர்தலில் நாங்கள் ராத்திரி முழுக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். எனக்கு 19 வயது. ஓட்டு கிடையாது, 21 ஆகவேண்டும். பெயிண்ட் வாளி தூக்கலாம், ஓட்டுப் போடக்கூடாது!

சரி, டெல்லியில் அவர் எப்படி ஓட்டளித்தார்? இதைப் புரிந்துகொள்ள மக்களவையின் நடைமுறை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டில் நிறைவேறும். ஆம் என்போர் ஆம் என்பார்கள், சபாநாயகர் முடிவு சொல்லிவிடுவார். யார் எந்தப் பக்கம் என்று பெயர் எழுதப்படாது. யாராவது பிரிவினை கேட்டால்தான் பெயர்வாரியாகப் பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் பிரிவினை கட்டாயம், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கொறடா உத்தரவு வந்துவிட்டால் உறுப்பினரின் சொந்த அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

1985 ஜனவரி 30-ல் மக்களவை 52-வது திருத்தத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சி உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவியே போய்விடும். எந்தச் சபை? 1954-ல் தன் கட்சியோடு காங்கிரசுக்கு வந்த படையாட்சியார் உறுப்பினராக இருந்த அதே எட்டாவது மக்களவை. ராஜீவ் காந்தியின் காங்கிரசுக்கு அதில் நானூறுக்கு மேல் உறுப்பினர்கள். 375 பேர் சபையில் 19 பேரின் தலைவராக இருந்தவர், இங்கே நானூறு பேரில் ஒருவர். அவர் ஒரு நாள் வராமல் போனாலும் எந்த மசோதாவும் தோற்காது. மனிதர் அதே மனிதர், ஓட்டும் ஒரே ஓட்டுதான். எடைதான் குறைந்துபோயிற்று.

இதனால் வந்த நஷ்டம் என்ன? மண்டல் கமிஷன் அறிக்கை 1980 டிசம்பர் 31-ல் கொடுக்கப்பட்டது. 1982-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் 27 சதவீதம் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. பிற்படுத்தப்பட்ட உழைப்பாளிகளுக்காகவே கட்சி கண்டவர் ஆளுங்கட்சி வரிசையில் இருந்த பத்து வருஷமும் அந்த அறிக்கை அலமாரியில் கிடந்தது. 1990-ல் வி.பி. சிங் வந்துதான் எடுத்தார்.

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. அந்தச் சங்கத்தை நடத்திய டாக்டர் ராமதாஸ் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது இதே திண்டிவனத்தில்தான். 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் தமிழக அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனியாகப் பிரித்தது. சபைக்குள்ளே எடை குறைந்துபோன ஓட்டு, ரோட்டிலே வேறு விதமாக எடை கூடியது. அதற்குக் கொடுத்த விலையும் மிகப் பெரியது.

இரண்டு நல்ல செய்திகள்

நஷ்டக் கணக்கு மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. 1988 டிசம்பரில் அந்த மக்களவை 61-வது திருத்தத்தை நிறைவேற்றி, ஓட்டு வயதை 21-லிருந்து 18 ஆக்கியது. 1989 நவம்பர் பொதுத் தேர்தலில் நமக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகள் கல்லூரியில் படிக்கும்போதே ஓட்டுப் போட்டார்கள். எங்களுக்குக் கிடைக்காத பாக்கியம்!

இன்னொன்று. 1989 ஆகஸ்டில் பஞ்சாயத்து ராஜ் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. அக்டோபரில் மேலவையில் சில ஓட்டு குறைந்து தோற்றது. ஸ்தல ஸ்தாபன மந்திரியாக இருந்தவர் தன் கடைசி மாதங்களில் கண்ட மசோதா அது. பிறகு வேறு வடிவில் 73-வது திருத்தமாகி 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆனால் படையாட்சியார் 1992 ஏப்ரல் 3-ல் காலமாகிவிட்டார்.

அவர் பிறந்தநாளை 2018 முதல் அரசு விழா என்று அறிவித்தார்கள். 2019-ல் கடலூரில் மணிமண்டபம் திறந்தார்கள். 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் கோவிந்தசாமிக்கு நினைவு அரங்கமும், 21 பேருக்கு மணிமண்டபமும் திறந்தார்கள். போனவருக்கும் மண்டபம், நின்றவருக்கும் மண்டபம், ரோட்டில் விழுந்தவர்களுக்கும் மண்டபம். எங்கள் மெஸ் சண்டைக்கு அரசாங்கமே சமரசம் செய்துவிட்டது போலிருக்கிறது.

மாணவத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எம்.பி.யை எடை போடும்போது ரோடு போட்டாரா, ரயில் நிறுத்தினாரா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே, சபையில் அவர் ஓட்டுக்கு என்ன எடை இருந்தது, அதை எதற்காகக் கொடுத்தார் என்றும் கேளுங்கள். மக்களவை விவாதத் தொகுப்புகள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. சரித்திரம் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஏழாவது, எட்டாவது மக்களவைத் தொகுப்புகளை எடுத்து, நம் திண்டிவனத்து உறுப்பினர் பெயர் பதிவான பிரிவினைகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த மலரில் அதற்கு முதல் பக்கம் ஒதுக்கச் சொல்லி செயலாளரிடம் நானே சண்டை போடுகிறேன்.

தாத்தா 1952-ல் பெட்டியில் போட்ட சீட்டு கடைசியில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. நமக்காவது தெரியட்டும்.