காளான் அல்லாத காளான் – மருத்துவர் அலிபேரின் வாழ்க்கை

எங்கள் குத்துக்கல்வலசையில் ஒருவர் உடம்பில் திட்டு ஒன்று தோன்றினால் உடனே பலவகைப் பேச்சு எழும். தேமல் என்பார் ஒருவர். படை என்பார் மற்றொருவர். இன்னொருவரோ ஒன்றும் சொல்லாமல் சற்றே தள்ளி அமர்வார். தொழுநோயாக இருக்குமோ என்ற அச்சம் அது. சாரல் வரட்டும், குற்றாலத்து அருவியில் நாலு நாள் குளித்தால் எல்லாம் போய்விடும் என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். தோலின்மேல் கண்டதைக் கொண்டு நோய்க்குப் பெயரிடுவது நம்மவர் வழக்கம் மட்டுமன்று. பெரும் மருத்துவ மேதைகளின் வழக்கமும் அதுவாகவே இருந்தது. அவர்களுள் தலைசிறந்தவர் ழான் லூயி அலிபேர் என்னும் பிரெஞ்சு மருத்துவர். அரிதான ஒரு தோல் புற்றுநோயை முதன்முதலாக உலகுக்கு விளக்கிக் காட்டியவர் அவரே. அவர் வரலாற்றை நம் கல்லூரி நண்பர்களுக்குச் சுருங்கச் சொல்ல விழைகிறேன்.

அலிபேர் 1768-ஆம் ஆண்டு தெற்குப் பிரான்சில் உள்ள வில்ஃபிரான்ஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் பயின்றார். தாமும் துறவு வாழ்வை மேற்கொள்ளக் கருதினார். ஆனால் 1789-இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி சமயச் சபைகளைக் கலைத்தது. வேறு வழி தேடிப் பாரிஸ் நகரம் சென்ற இளைஞர், மருத்துவம் கற்கலானார். அங்கு அவருக்கு வாய்த்த தோழர்களுள் ஒருவர் பிஷா. மனித உடல் 21 வகைத் திசுக்களால் ஆனது என்று கூறித் திசுவியலுக்கு அடிகோலியவர் இவரே. வியப்பு யாதெனில், பிஷா நுண்ணோக்கியை நம்பவில்லை. வெறுங்கண்ணாலேயே திசுக்களை ஆய்ந்தார். முப்பது வயதில், 1802-இல், அவர் மறைந்தார். திசுவின் பெருமை அறிந்தும் நுண்ணோக்கியை நாடாத அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்தாம் அலிபேரும்.

1801-இல் அலிபேர் சேன் லூயி மருத்துவமனையில் பணியேற்றார். நான்காம் ஹென்றி மன்னர் காலத்தில், 1607-இல், கொள்ளைநோய் கண்டவர்களை ஒதுக்கி வைப்பதற்காக நகர மதிலுக்கு வெளியே கட்டப்பட்ட இடம் அது. அங்கே சொறியும் சிரங்கும் ஆறாப் புண்ணும் கொண்ட ஏழை மக்கள் குவிந்து கிடந்தனர். பிறர் முகம் சுளித்த அவ்விடத்தையே அலிபேர் தம் பல்கலைக்கழகமாக ஆக்கிக்கொண்டார். மருத்துவமனை முற்றத்து மர நிழலில், நோயாளிகளை முன்னிருத்தி அவர் ஆற்றிய விரிவுரைகளைக் கேட்கப் பல நாட்டு மாணவர்கள் திரண்டனர். நம்மூர்ப் பெரியவர்களைப் போலவே அவரும் நீராட்டத்தில் நம்பிக்கை கொண்டவர். மருத்துவக் குணமுள்ள ஊற்றுநீர்களைப் பற்றி 1826-இல் ஒரு நூலே எழுதினார்.

அவருடைய துணிவுக்கு ஒரு சான்று போதும். புற்றுநோய் தொற்றுமோ என்ற ஐயம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. 1808-இல் மார்பகப் புற்றுநோயாளி ஒருவரின் புண்நீரைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார் அலிபேர். மாணவர் சிலரும் உடன்பட்டனர். சிறிது அழற்சி உண்டாயிற்றேயன்றிப் புற்றுநோய் வரவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாத சோதனைதான். ஆயினும் நோயாளியைத் தீண்ட அஞ்சியோர்க்கு அவர் தம் உடலைக் கொண்டே விடை கூறினார்.

இனி, அவர் பெயரை நிலைநாட்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். 1806 முதல் அவர் வெளியிட்ட வண்ணப்படங்கள் நிறைந்த பெருநூலில், லூகாஸ் என்ற நோயாளியின் வரலாறு இடம்பெற்றது. முதலில் தோலில் செதிலுதிரும் திட்டுகள், பின்னர் காளான் குடைபோல் புடைத்தெழுந்த கட்டிகள், இறுதியில் மரணம். வடிவத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கப்படி, 1832-இல் அலிபேர் இதற்கு மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ் என்று பெயர் சூட்டினார். காளான் போன்ற காளான்நோய் என்பது அதன் பொருள். உண்மையிலோ இந்நோய்க்கும் காளானுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

மரத்தின் அடியும் கிளையும்போல் தோல்நோய்களையெல்லாம் வகுத்து, 1829-இல் அவர் வரைந்த நோய் மரமும் நெடுநாள் நிலைக்கவில்லை. அவருடைய மாணவர் பியெத்தே ஆங்கில மருத்துவர் வில்லனின் வகைப்பாட்டைத்தான் பின்பற்றினார். சொறிப்பூச்சியின் கதையும் இத்தகையதே. 1812-இல் காலெஸ் என்பவர் படம் வரைந்து காட்டிய பூச்சியைப் பிறர் தேடியும் காணவில்லை. 1834-இல் கார்சிகா தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்னும் மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதுபோல் ஊசி முனையால் பூச்சியை எடுத்து, அலிபேரின் மருத்துவமனையிலேயே காட்டினார். பேராசிரியர்கள் காணாததைக் கிராமத்துப் பெண்கள் கண்டிருந்தனர் என்பதைப் படித்தபோது, பள்ளிப் படிப்பைத் தாண்டாத குடும்பத்திலிருந்து வந்த எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

அரசர்களுக்கு மருத்துவராகி, பாரன் பட்டமும் பெற்ற அலிபேர் 1837-இல் காலமானார். ஆனால் லூகாஸின் நோய் பற்றிய ஆராய்ச்சி அவரோடு முடியவில்லை. திட்டு, தடிப்பு, கட்டி என்னும் மூன்று நிலைகளில் இந்நோய் வளர்வதைப் பாசின் என்ற மருத்துவர் 1870-இல் தெளிவாக்கினார். பின்னர் நுண்ணோக்கி பேசத் தொடங்கியது. உடலைக் காக்க வேண்டிய டி வகை நிணநீர் வெள்ளணுக்களே கட்டுமீறிப் பெருகுவதுதான் இந்நோய் என்பது 1970-களில் உறுதியாயிற்று. அவ்வணுக்களின் உட்கரு, மூளையின் மடிப்புகளைப்போல் சுருங்கி மடிந்திருக்கும். அவை மேல்தோலின் அடிவரிசையில் அணிவகுத்து நிற்கும்; சில இடங்களில் மேல்தோலுக்குள் சிறு கொத்துகளாகக் கூடியிருக்கும். அக்கொத்துகள் போத்ரியே என்ற அறிஞரின் பெயரால் வழங்கப்படுகின்றன.

திசு, நோயின் பெயரை மட்டும் சொல்வதில்லை. நோயாளியின் வருங்காலத்தையும் ஓரளவு சொல்கிறது. உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் திட்டுகள் இருக்கும்போதே கண்டறிந்தால், பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழ்கின்றனர். அணுக்கள் மயிர்க்கால்களைச் சூழ்ந்து நின்றால் கவனம் கூட வேண்டும். சிறிய அணுக்களின் இடத்தில் பெரிய அணுக்கள் தோன்றி, மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் நோய் கடுமையாகிறது. நிணநீர்க் கணுக்களுக்கும் இரத்தத்துக்கும் பரவினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நம்மைப் போன்ற கருநிறத்தாரிடம் இந்நோய் சிலவேளை வெளிறிய திட்டுகளாகவே தோன்றுகிறது. அது தேமலென்றும் வெண்படையென்றும் தொழுநோயென்றும் எளிதில் தவறாகக் கருதப்படும். இவ்வகை பெரும்பாலும் மெதுவாகவே வளர்வது. ஒளிச்சிகிச்சைக்கு நன்கு இணங்குவது. ஆனால் அதைப் பிரித்தறிய, தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி வேண்டும். தொடக்கத்தில் ஒரு சோதனையில் தெளிவு கிட்டாமல், மீண்டும் மீண்டும் செய்ய நேர்வதும் உண்டு. தொழுநோயே என்று தெரிந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. அதுவும் இன்று கூட்டு மருந்தால் முற்றும் குணமாகும் நோயே.

அலிபேர் இட்ட பெயர் தவறு. அவர் நட்ட நோய் மரமும் பட்டுப்போயிற்று. எனினும் லூகாஸின் படுக்கையருகே நின்று, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் அவர் எழுதி வைத்தது இன்றும் நிற்கிறது. அதனால்தான் பின்வந்தோர் அவர் தவறைத் திருத்த முடிந்தது. ஆய்வகத்தில் குறிப்பேடு எழுதும் நாம் கண்டதைக் கண்டபடி எழுதுவோம். ஊரில் ஒருவருக்கு ஆறாத திட்டு இருந்தால், தள்ளி அமராமல், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்வோம். அருவி நீர் உடலைக் குளிர்விக்கும். உண்மையைச் சொல்ல வேண்டியது திசுவே!