இரு நெறியும் ஓர் இல்லறமும்
(பட்டமகாதேவி சாந்தலையின் வாழ்வு)

கணவனும் மனைவியும் உள்ளம் ஒன்றி வாழ்வதே இல்லறத்தின் சிறப்பு. ஆனால் இருவரும் வணங்கும் தெய்வம் வேறாயின் அவ்வொற்றுமை நிலைக்குமா? மகனுக்கோ மகளுக்கோ மணம் பேசும்போது நம் இல்லங்களில் இன்றும் பெற்றோர் கவலையோடு எழுப்பும் வினா இது. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் போசள நாட்டில் வாழ்ந்த அரசி ஒருவர் இதற்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றார். அவரே பட்டமகாதேவி சாந்தலாதேவியார்.

சாந்தலையின் தந்தை மாரசிங்கய்யர் சைவர். தாய் மாசிக்கப்பை அருகனடி மறவாச் சமணப் பெண்மணி. ஒரே கூரையின்கீழ் இரு நெறிகளும் பகையின்றி வாழ்வதைச் சாந்தலை பிறந்த மனையிலேயே கண்டார். தாயின் நெறியைத் தம் நெறியாகக் கொண்டார். பிரபாசந்திர சித்தாந்த தேவரைக் குருவாக ஏற்றார். இசையிலும் ஆடலிலும் அவர் பெற்றிருந்த தேர்ச்சியைக் கல்வெட்டுகள் வியந்து பாராட்டுகின்றன.

அவர் கைப்பிடித்த மன்னர் பிட்டிதேவர். சோழர் வசமிருந்த தலைக்காட்டை 1116 அளவில் வென்று புகழ் பெற்ற வீரர். சமண மரபில் வளர்ந்த அம்மன்னர், திருவரங்கத்திலிருந்து போசள நாடு வந்த இராமானுசரின் தொடர்பால் வைணவத்தைத் தழுவி விஷ்ணுவர்த்தனர் ஆனார் என்பது வழிவழி வரும் செய்தி. 1117இல் அவர் பேலூரில் திருமாலுக்குப் பெருங்கோயில் எடுப்பித்தார்.

நாட்டையாளும் கணவர் ஒரு நெறியில் நிற்க, பட்டத்தரசி மற்றொரு நெறியில் நின்றார். இங்கேதான் பிளவு நேர்ந்திருக்க வேண்டும். ஆயினும் நேரவில்லை. பேலூர்க் கோயில் வளாகத்திலேயே, கணவர் எடுப்பித்த கோயிலுக்கு அருகில், கப்பே சென்னிகராயர் கோயிலைச் சாந்தலை எழுப்பினார். ஹளேபீட்டில் எழுந்த இரட்டைச் சிவாலயத்தில் ஒரு சன்னதி மன்னர் பெயரையும் மற்றொன்று சாந்தலேசுவரம் என அரசியின் பெயரையும் தாங்கி நிற்கின்றது. கணவர் போற்றியதை அவர் இகழவில்லை. அதனால் தம் அறத்தைக் கைவிடவும் இல்லை.

அவ்வறத்தின் உறுதியைச் சிரவணபெளகொளத்துச் சந்திரகிரியில் காணலாம். 1123ஆம் ஆண்டு அங்கே பதினாறாம் தீர்த்தங்கரர் பகவான் சாந்திநாதருக்கு அவர் ஒரு ஜினாலயம் எடுப்பித்து, அதன் வழிபாட்டிற்கென ஓர் ஊரையும் தானமாக அளித்தார். சவதி கந்தவாரண பசதி என்பது அதன் பெயர். சக்களத்தியரை அடக்கும் மதயானை என்பது இதன் பொருள். அரசிக்கு வழங்கிய பட்டப்பெயரே கோயிலுக்கும் பெயராயிற்று. மன்னருக்கு மனைவியர் பலராக இருந்த காலம் அது. அந்தப்புரத்தில் ஒரு பெண் தன் இடத்தைக் காத்துக்கொள்ளப் பட்ட பாடு இப்பெயரில் ஒலிக்கின்றது. ஆனால் வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் வீற்றிருப்பவரோ சாந்தியே உருவான பெருமான். புறத்தே போட்டியின் பெயர். அகத்தே அமைதியின் திருவுரு. இல்லறத்தில் நிற்கும் சிராவகியின் நிலையும் அதுவேயன்றோ! பற்றின் நடுவே நின்றே பற்றற்றவனைப் பற்ற வேண்டியவர் அவர்.

1131ஆம் ஆண்டு சாந்தலாதேவியார் சிவகங்கையில் உடல் நீத்தார். இது நம் தமிழகத்துச் சிவகங்கை அன்று. பெங்களூருக்கு வடமேற்கே தும்கூர் செல்லும் வழியிலுள்ள மலைத்தலம். சைவர் போற்றும் அவ்விடத்தில் சமண அரசியின் வாழ்வு நிறைவுற்றது. அவர் சல்லேகனை நோற்று உயர்கதி அடைந்தார் என்றே நம் மரபு போற்றுகின்றது.

மகளை இழந்த மாசிக்கப்பை பெளகொளத்தை அடைந்தார். துயரம் தாளாமல் உயிர்விடுதல் சல்லேகனை ஆகாது என்பதை நாம் அறிவோம். அத்தாய் சுற்றத்தாரிடம் முறையாக விடைபெற்று, ஆசாரியர்கள் முன்னிலையில் விரதம் ஏற்று, பஞ்ச நமஸ்காரத்தை ஓதியவாறு ஒரு மாதம் உண்ணாநோன்பிருந்து உடலைத் துறந்தார் எனக் கல்வெட்டு கூறுகின்றது. மகளின்மேல் வைத்த பாசத்தையும் துறவாக மாற்றிக்கொண்ட தாய் அவர்.

மன்னரின் நிலை என்ன? வைணவரானபின் அவர் சமணரைத் துன்புறுத்தினார் எனப் பிற்காலக் கதைகள் சில உண்டு. கல்வெட்டுகள் காட்டும் செய்தி வேறு. அவருடைய பெருந்தளபதி கங்கராஜர் ஆழ்ந்த சமணப் பற்றுடையவர். அத்தளபதியின் நினைவாக மகன் போப்பன் ஹளேபீட்டில் பார்சுவநாதருக்கு எடுப்பித்த பசதி 1133இல் நிறைவெய்தியது. பூசைப் பிரசாதம் மன்னரிடம் வந்தபோது, போரில் வெற்றியும் மற்றோர் அரசி வழியே மகப்பேறும் அவருக்கு ஒருங்கே வாய்த்திருந்தன. அவர் எழுந்து வணங்கி அதனை ஏற்றார். அப்பெருமானுக்கு விஜய பார்சுவர் என்றும், குழந்தைக்கு விஜய நரசிம்மன் என்றும் பெயர் சூட்டினார். சாந்தலை மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வணங்கிய நெறிக்கு மன்னரின் உள்ளத்தில் இடம் குறையவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சாந்தலையின் இல்லறம் முழுதும் இனிமையானது என்று நாம் கற்பித்துக்கொள்ள வேண்டியதில்லை. கோயிலின் பெயரே அதற்கு மறுமொழி கூறும். ஆயினும் அன்பின் பொருட்டு நெறியை விற்காமலும், நெறியின் பொருட்டு அன்பை முறிக்காமலும் ஒரு வாழ்நாளை வாழ்ந்து முடிக்கலாம் என்பதை அவர் காட்டினார். வேற்று நெறியில் மணம் கொள்ளும் மகளை எண்ணிக் கலங்கும் பெற்றோர் மாசிக்கப்பையை நினைவு கொள்க. மகளுக்கு அவர் தந்த சீர்வரிசையில் நிலைத்தது, இளமையில் ஊட்டிய அறம் ஒன்றே. அடுத்தமுறை பெளகொள யாத்திரை செல்வோர், கோமடேசுவரரைத் தரிசித்ததோடு திரும்பிவிடாமல், எதிரேயுள்ள சந்திரகிரியிலும் ஏறிச் சாந்திநாதர் திருமுன் சற்றே அமர்ந்து வருவாராக.