நரம்பின் வழி கண்ட கஹால்

எசுப்பானிய நாட்டின் வடபால் பெத்தில்லா என்னும் சிறிய மலையூர் ஒன்று உண்டு. அவ்வூரில் 1852-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று சாந்தியாகோ ரமோன் இ கஹால் பிறந்தார். தந்தையார் வறுமையொடு பொருது கற்று மருத்துவரானவர், கண்டிப்பு மிக்கவர். மைந்தரோ ஓவியத்தில் நெஞ்சைப் பறிகொடுத்தவர். அத்துடன் குறும்பும் மிக்கவர். பதினோராம் வயதில் தாமே பீரங்கியொன்று செய்து அண்டை வீட்டு வாயிற்கதவைத் தகர்த்துச் சிறைக்கும் சென்று மீண்டார். ஓவியம் சோறு இடாது எனக் கருதிய தந்தையார், அவரை முடிதிருத்துவோரிடமும் செருப்புத் தைப்போரிடமும் தொழில் பயில விடுத்தார்.

1868-ஆம் ஆண்டுக் கோடையில் தந்தையார் மகனை இடுகாட்டிற்கு அழைத்துச் சென்றார். ஆங்குச் சிதறிக் கிடந்த எலும்புகளைத் திரட்டி வந்து, அவற்றைப் பார்த்து வரையுமாறு பணித்தார். வெறுத்த மருத்துவமும் விரும்பிய ஓவியமும் அவ்விடத்தே ஒன்றாயின.

சரகோசாவில் 1873-இல் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், படை மருத்துவராய்க் கியூபாத் தீவிற்குச் சென்றார். மலேரியாக் காய்ச்சலால் உடல் நலிந்து 1875-இல் திரும்பினார். படையில் ஈட்டிய ஊதியத்தில் எஞ்சியதைக் கொண்டு அவர் வாங்கிய பொருள் ஒரு நுண்ணோக்கி.

அக்காலத்தே அறிஞர் பலர், மூளையின் நரம்புகள் யாவும் இடையறாது பிணைந்த ஒரே வலை என்று எண்ணினர். இத்தாலிய அறிஞர் கோல்கி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களுக்குக் கருநிறம் ஊட்டும் முறையை 1873-இல் வெளியிட்டிருந்தார். அம்முறையில் ஒருசில அணுக்களே கறுக்கும். எஞ்சியவை நிறம் பெறா. அக்குறையே குணமாயிற்று, அடர்ந்த காட்டினுள் தனி மரத்தைக் காணல் அதனால் கூடிற்று. 1887-இல் மாத்ரிது நகரில் அதனைக் கண்ட கஹால், முறையைத் திருத்தி, முதிர்ந்த மூளையை விடுத்துக் கோழிக்கருவின் இளமூளையை ஆராய்ந்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்து நிற்பதைக் கண்டார்.

எசுப்பானிய மொழியில் எழுதுவதைப் பிறநாட்டார் படிப்பாரிலர். ஆயினும் அவர் தளரவில்லை. 1888-இல் தம் கைப்பொருளைச் செலவிட்டு 60 படிகளே கொண்ட இதழொன்றை அச்சிட்டு அயல்நாட்டு அறிஞர்க்கு விடுத்தார். அந்நாளில் குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. அவர்தம் மகள் என்ரிக்கேத்தா மூளைக்காய்ச்சலால் இறந்ததும் அவ்வாராய்ச்சிக் காலத்திலேயே ஆகும். 1889-இல் பெர்லின் மாநகரில் கூடிய உடற்கூற்று அறிஞர் அவையில், தாம் கொணர்ந்த கண்ணாடித் தகடுகளை அவர் ஒவ்வொருவர்க்கும் காட்டினார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் அவற்றைக் கண்டு, தாம் அதுகாறும் கொண்ட கருத்தை விடுத்துக் கஹாலின் பக்கம் நின்றார். முதுமையில் எசுப்பானிய மொழியையும் கற்றார்!

1890-இல் கோழிக்கருவின் தண்டுவடத்தில் வளரும் நரம்பிழையின் நுனியைக் கஹால் கண்டார். அது கூம்பு போல் விரிந்து, விரல்கள் போன்ற கிளைகளை நீட்டியிருந்தது. கண்டவை உயிரற்ற தகடுகளே. எனினும் அந்நுனி வழி தேடிச் செல்வது என்று உணர்ந்தார். வழி காட்டுவது எது? சில அணுக்கள் சுரக்கும் பொருள் நுனியைத் தம்பால் ஈர்க்கின்றது என்று 1892-இல் எழுதினார். சுரக்கும் பொருள் எதுவென அவரால் காட்ட இயலவில்லை. உயிருள்ள நரம்பிழை வளர்வதை ஹாரிசன் என்பார் 1907-இல் தவளைக் கருவில் கண்டு மெய்ப்பித்தார்.

1906-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கஹாலுக்கும் கோல்கிக்கும் ஒருங்கே வழங்கப்பெற்றது. கோல்கியோ, பரிசு பெற்ற மேடையிலேயே நரம்பணுக் கொள்கையை மறுத்துப் பேசினார். 1934-ஆம் ஆண்டு அக்டோபர் 17-இல் மாத்ரிதில் கஹால் மறைந்தபொழுதும், அவர் ஊகித்த பொருள் அகப்படவில்லை.

1994-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து அறிஞர்கள் சுமார் 25,000 கோழிக்கரு மூளைகளிலிருந்து அத்தகைய புரதமொன்றைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். நெட்ரின் என்பது அதன் பெயர். வழிநடத்துவோன் எனப் பொருள்படும் வடசொல்லினின்று பிறந்தது அது. குருதிக்குழல்களின் நுனியணுக்களும் நரம்பு நுனி போலவே விரல் நீட்டி வழி தேடுகின்றன என்பதும், அவ்வகைப் புரதங்கள் அவற்றுக்கும் உரியன என்பதும் பின்னர்த் தெரியவந்தன. நெட்ரின் குழல்களைச் சிலவிடத்து வளர்ப்பதாகவும் சிலவிடத்துத் தடுப்பதாகவும் ஆய்வாளர் வெவ்வேறு முடிவு கண்டுள்ளனர். இந்நாளில் அதனைப் பெறக் கோழிக்கரு வேண்டுவதில்லை. அதன் மரபணுவை வேறு உயிரணுக்களில் புகுத்தி ஆக்கிய மறுசேர்க்கைப் புரதம், சிறு குப்பிகளில் ஆய்வகங்களை அடைகின்றது.