குழந்தையின் கைகளைக் கவனித்த மருத்துவர்

கொழும்பிலும் சரி, வரிப்பத்தான்சேனை போன்ற கிராமங்களிலும் சரி, பாலர் பள்ளியைப் பலர் மொண்டிசோரி என்றே அழைப்பர். அது ஓர் அம்மையாரின் பெயர்.

1870ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த மரியா மொண்டிசோரி, 1896இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநோயாளர் விடுதியொன்றில், மந்தபுத்தியுள்ளவர் என ஒதுக்கப்பட்ட சிறுவர், உணவுக்குப்பின் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் கண்டார். அது வயிற்றுப் பசியன்று; தொட்டுப் பார்க்க வேறெதுவுமற்ற கைகளின் பசி என உணர்ந்தார் என்பர்.

பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகென் ஆகியோரின் வழியைப் பின்பற்றி, அச்சிறுவருக்குச் சொரசொரப்பும் வழவழப்புமான பலகைகள், குழிகளில் பொருத்தும் உருளைகள், பொத்தான் பூட்டிப் பழகும் சட்டங்கள் முதலியவற்றைக் கொடுத்தார். ஓர் உருளை தவறான குழியில் விழுந்தால் முடிவில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும்; குழந்தையே பிழையைக் கண்டுகொள்ளும். ஆசிரியையின் வேலை பொறுமையாகக் கவனிப்பது. விரல் வேறுபாட்டை உணரவில்லையா? அல்லது உணர்ந்தும், கையை எந்த ஒழுங்கில் அசைப்பதென்று தெரியவில்லையா? (இவ்விரண்டையும் பிரித்தறியும் சோதனைகளை அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் அம்மையார் 1972இல் வெளியிட்டார்.) பிள்ளை எழுதவில்லையென்று பிரம்பெடுக்கும் பெற்றோர் இதைச் சற்று நினைக்கலாம். ஒதுக்கப்பட்ட அச்சிறுவரிற் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினர்!

1907இல் உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை வந்தவர் யுத்தத்தால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. மகன் மாரியோ சிலகாலம் தடுப்புக்காவலில் இருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1952 மே 6ஆம் நாள் ஒல்லாந்தில் காலமானார். நோர்ட்வைக் கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்.